நீலமாகத் தெரிந்த மொட்டைமாடி

டிகிரியக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். எங்கள் அலுவலகத்தில் மேனேஜர் கத்துவார், வேலை கொடுக்க வருகிறவர்கள் கத்துவார்கள், கீழே சாவி வெட்டும் கடைக்காரர்கூடக் காரணமில்லாமல் கத்துவார். அக்கா மட்டும் பக்கத்தில் இருப்பவருக்கே காதைத் தீட்டினால்தான் கேட்கும் என்கிற அளவுக்குப் பேச ஆரம்பிப்பார். உடனே நாங்கள் எல்லாரும் தலைபோகிற வேலை இருப்பதுபோலக் குனிந்துகொள்வோம். பதினோரு வருஷம் அவரோடு ஒரே அறையில் உட்கார்ந்து ரிப்போர்ட் அடித்தவன் நான். அவருடைய கோபங்களில் பெரியது ஒன்று உண்டு. அதற்குக் காரணமானவர்களில் நானும் ஒருவன்.

டிகிரி என்பது கிண்டலில் வந்த பெயர். வேலைக்குச் சேர வந்த அன்று மேனேஜர், "என்ன டிகிரி படிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"டிகிரி படிக்கல சார். அளப்பேன்," என்றார் அக்கா.

மேனேஜர் சிரித்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன்னால் இருபது வருஷம் ஒரு நூல் மில்லில் மின்சாரப் பிரிவில் இருந்தார். அங்கேதான் வெப்பக் கேமரா அவர் கைக்கு வந்தது. மற்ற கேமராக்கள் வெளிச்சத்தைப் பார்க்கும், இது சூட்டைப் பார்க்கும். சூடான இடம் திரையில் மஞ்சளும் வெள்ளையுமாக எரியும், குளிர்ந்த இடம் நீலத்தில் முங்கும். மின்பெட்டியில் எந்த மூட்டு தளர்ந்து கொதிக்கிறது என்று மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிடும். ஒருமுறை, மூன்றாம் பெட்டியில் ஒரு மூட்டு தொண்ணூறு டிகிரியில் நிற்கிறது என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்மா," என்றார் அவர். மூன்று நாளில் பெட்டி கருகியது. விசாரணையில் அதே சூப்பர்வைசர், "எங்கிட்ட யாரும் சொல்லலையே," என்று கையை விரித்தார். சொன்னவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே விரித்தார். மில் பிறகு மூடப்பட்டது. அந்த விரித்த கையை மட்டும் அக்கா மறக்கவில்லை.

எங்களுடையது சின்ன நிறுவனம். மூன்று அறை, ஒரு கேமரா. மாடி ஒழுகுகிறது, சுவர் ஊறுகிறது, குளிர்பதன அறையில் குளிர் நிற்கவில்லை என்று கூப்பிடுவார்கள். அக்கா போய்ப் படமெடுத்து இடத்தைக் காட்டுவார். சுவருக்குள் ஏதோ இருக்கிறது, சாயங்காலமானால் சுவர் மனுஷ உடம்புபோலச் சுடுகிறது என்று வீட்டைக் காலி செய்ய இருந்த ஒருவருக்கு, அது பக்கத்து வீட்டு வெந்நீர்க் குழாய் என்று ஐந்தே நிமிஷத்தில் காட்டிக்கொடுத்தார். "பேய்க்குக் குளிக்கப் பிடிக்கும்போல," என்று சொல்லிவிட்டு வந்தார். அக்காவின் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். "எங்க வீட்டுல தெர்மாமீட்டரே கிடையாது தம்பி. இவ முறைச்சா ஜுரம், முறைக்கலைன்னா ஜுரம் இல்ல," என்பார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

வீட்டு வாரியத்துக்குச் சொந்தமான பதினாலு கட்டடங்கள், ஒவ்வொன்றும் ஐந்து மாடி. மழைக்கு ஒழுகுகிறது என்று குடியிருப்பவர்கள் வருஷக்கணக்காக மனு கொடுத்திருந்தார்கள். வாரியம் ஒருவழியாக எழுந்து, எல்லா மொட்டைமாடிக்கும் ஒரு விரிப்பை ஒட்டியது. அடியில் தார், மேலே பளபளவென்று அலுமினியத் தாள். ஒழுகல் நின்றது. ஆனால் கோடை வந்ததும் மேல்மாடிக்காரர்கள் மறுபடி மனு எழுதினார்கள். மழைக்கு ஒழுகிய வீடு இப்போது வெயிலுக்கு வேகிறது என்று. வாரியத்து இன்ஜினியர் அதை ஏற்கவில்லை. பளபளப்பு வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், மாடி குளிர்ச்சியாகத்தான் இருக்கும் என்றார். அதை நிரூபித்துக் கொடுக்கும் வேலை எங்களுக்கு வந்தது. சோதித்துக் கொடுக்கும் வேலை என்றுதான் அக்கா நினைத்தார்.

அளவுகளைக் குறித்துக்கொள்ள நானும் கூடப் போனேன். நாலாம் எண் கட்டடத்தின் மொட்டைமாடி. மதியம் ஒன்றரை. கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். அக்கா கேமராவை விரிப்பின் மேல் காட்டினார். திரை முழுக்க ஆழ்ந்த நீலம். பத்தொன்பது டிகிரி.

இன்ஜினியர் துள்ளினார். "பாத்தீங்களா? ஏ.சி. போட்ட மாடி மாதிரி!"

அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, புறங்கையை விரிப்பில் வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். பிறகு பையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, ஒரு சாண் கிழித்து, விரிப்பில் அழுத்தி ஒட்டினார். சற்று நேரம் காத்திருந்து கேமராவை மறுபடி காட்டினார். நீலத்தின் நடுவே அந்த ஒரு சாண் மட்டும் வெள்ளையாக எரிந்தது. அறுபத்தொன்பது டிகிரி.

"சார், பளபளன்னு இருக்கிற தகடு கேமராவுக்கு முகம் பாக்கிற கண்ணாடி மாதிரி. தன் சூட்டைக் காட்டாது, எதிர்ல இருக்கிறதைக் காட்டும். இதுக்கு எதிர்ல இருக்கிறது வானம். நீங்க பாக்குறது வானத்தோட குளிர்ச்சி. டேப்பு அப்படி ஏமாத்தாது, ஒட்டின இடத்துச் சூட்டை அப்படியே சொல்லிடும்," என்றார்.

"அதெல்லாம் ரிப்போர்ட்ல பாத்துக்கலாம்மா," என்றார் இன்ஜினியர். நிழலுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல்மாடி வீடுகளுக்குள் போனோம். சூடு கான்கிரீட்டில் ஊறி உள்ளே இறங்க அவ்வளவு நேரம் ஆகும். முதல் வீடு ஒரு தையல்காரம்மாவுடையது. ஒரே அறை. ஜன்னலோரம் தையல் மிஷின், நடுவில் துணி வெட்டும் பெரிய மேசை. மேசைக்கு அடியில், நனைத்து விரித்துக் காய்ந்துபோன துணியில், ஒரு மனிதர் கையைக் காலைக் குறுக்கிப் படுத்திருந்தார்.

"எங்க வீட்டுக்காரர்," என்றார் தையல்காரம்மா தணிந்த குரலில். "ராத்திரி வாட்ச்மேன் வேலை. பகல்லதான் தூங்கணும். கட்டில்ல படுத்தா கூரை மேல விழுந்து அமுக்குதுங்கிறாரு. மேசைக்கடியில கொஞ்சம் நிழல்னு..."

வீட்டுக்குள், கூரைக்குக் கீழே, ஒருவர் நிழல் தேடி மேசைக்கடியில் படுத்திருந்தார். அக்கா கேமராவைக் கூரைக்குக் காட்டினார். நாற்பத்தேழு. சுவர் முப்பத்தொன்பது. கேமரா கீழே இறங்கி மேசைக்கடியில் வந்தபோது அக்காவின் கை ஒரு கணம் நின்றது. எந்த அறையைப் படமெடுத்தாலும் அதில் மனிதன்தான் வெளிச்சமாகத் தெரிவான். இங்கே அறை முழுக்க எரிந்தது. நடுவில் கருநீலமாக, சுருண்ட நிழலாக அந்த மனிதர் கிடந்தார். அந்த வீட்டிலேயே குளிர்ச்சியான பொருள் அவருடைய உடம்புதான்.

"என்னம்மா தெரியுது அதுல?" என்று தையல்காரம்மா கேட்டார்.

"எல்லாம் ரிப்போர்ட்ல எழுதிடறேன்மா," என்றார் அக்கா.

எழுதவும் செய்தார். பதினோரு பக்கம். டேப் ஒட்டிய படம், ஒட்டாத படம், கூரை, சுவர், மேசை. மேல்மாடியில் பகலில் படுப்பவர்களுக்கு உயிராபத்து என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. மறுநாள் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரொம்ப நீளமா இருக்கு. சுருக்கமாக் கேக்கறாங்க. மொட்டைமாடிப் படம் வரைக்கும் வெச்சுக்க. டேப்பு, வீடு, அதெல்லாம் எடுத்துடு."

நீக்கினேன். நாலு பக்கம் மிஞ்சியது. நாலும் நீலம். கடைசிப் பக்கத்தின் அடியில் அளவெடுத்தவர் என்று அக்காவின் பெயரும் கையெழுத்தும் அப்படியே இருந்தன. ஏன் என்று நான் கேட்கவில்லை. புரியாததால் கேட்காமல் விட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். புரிந்ததால்தான் கேட்கவில்லை.

ஏழு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, தையல்காரம்மா எங்கள் அலுவலகப் படியேறி வந்தார். கையில் நாலாக மடித்த காகிதங்கள். வாசலிலேயே நின்று, "இதுல பேரு போட்டிருக்கிறது யாரு?" என்று கேட்டார்.

அக்கா எழுந்தார். "நான்தான். உள்ள வாங்கம்மா. வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?"

"செத்துட்டாரு."

 நடந்ததைத் தையல்காரம்மாவே சொன்னார். புதன்கிழமை சாயங்காலம் வேலைக்குக் கிளம்பியவர், இரண்டாம் மாடித் திருப்பத்தில் படியில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கவில்லை. தொட்டவர்கள் அடுப்பைத் தொட்டதுபோலக் கையை எடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் மறுநாள் மதியம்வரை இருந்தார். வாரியத்துக்குப் போய்க் கேட்டபோது, வயசு, இரத்தக் கொதிப்பு என்று சொல்லி, இந்த நாலு பக்கத்தை நகலெடுத்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள். உன் கூரை சில்லென்றுதான் இருக்கிறது, நிபுணர் கையெழுத்தே இருக்கிறது என்று.

"எங்க வீட்டுக்கு வந்தே. அவரு மேசைக்கடியில கெடந்ததைக் கண்ணால பாத்தே. பாத்துட்டுப் போயி, பத்தொன்பது டிகிரின்னு எழுதினவ நீதானா?"

அக்கா காகிதத்தை வாங்கினார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று மெதுவாகப் புரட்டினார். நாலாவது முடிந்ததும், காணாமல்போன மற்றப் பக்கங்களைத் தேடுவதுபோலக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மேனேஜர் அறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை.

"மிச்சம் ஏழு பக்கம் எங்க சார்?"

"எந்த மிச்சம்? அவங்க கேட்டதைக் கொடுத்தோம். அதுல இருக்கிற படம் எது பொய், சொல்லுங்க? நீங்க எடுத்த படம்தானே?"

"படம் பொய் இல்ல சார். நீங்கதான் பொய்."

இதை அவர் எவ்வளவு தணிந்து சொன்னார் என்றால், மேனேஜர் "என்ன?" என்று திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. அக்கா திரும்பச் சொன்னார். மேனேஜர் முகம் சிவந்தது. "உணர்ச்சிவசப்படாதீங்க. நீக்கினது நான் இல்ல, அதோ உக்காந்திருக்கானே அவன். அவனைக் கேளுங்க!"

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீயா?"

தலையாட்டினேன். அறைந்திருந்தால்கூட வலித்து ஆறியிருக்கும். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் ஆறு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் அன்றைக்கு எங்கள் எல்லாரையும்விடச் சரியான கேள்வியைக் கேட்டவர் தையல்காரம்மாதான். நடந்தது புரிந்ததும் அவர் மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார்.

"அவங்க மறைச்சாங்க, சரி. அவங்க அப்படித்தான். நீ வாயைத் தொறந்து எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? 'என்ன தெரியுது'ன்னு கேட்டேனே. அவரை அவரு தம்பி வீட்டுக்கு அனுப்பியிருப்பேனே. அங்க கீழ்வீடு."

 தையல்காரம்மா காகிதங்களைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினார்.

செய்தி கட்டடம் கட்டடமாகப் பரவியது. மேல்மாடிக்காரர்கள் வாரிய அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் இன்ஜினியர், எல்லார் முன்னாலும் அளந்து காட்டுகிறோம், அப்புறம் யாரும் பேசக்கூடாது என்று ஒரு நாள் குறித்தார். மேனேஜர் அக்காவைக் கட்டாய விடுப்பில் அனுப்பிவிட்டு, கேமராவை என் கையில் கொடுத்தார். "விரிப்பைக் காட்டு, நம்பரைப் படி, வா. அவ்வளவுதான்."

அக்காவின் வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார். அளக்கக் குறித்த நாளுக்கு முந்தின நாள் முழுக்க அக்கா சாப்பிடவில்லையாம். "வேலைய விட்டுடலாம்னு இருக்கியா?" என்று கேட்டிருக்கிறார். "நான் ஏன் விடணும்? துரத்தட்டும். துரத்தினாங்கன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்," என்றாராம்.

குறித்த நாள் மதியம், அதே நாலாம் எண் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள். இன்ஜினியர் குடையோடு வந்திருந்தார், மேனேஜரும் வந்திருந்தார். நான் கேமராவைக் காட்டினேன். திரை நீலமானது. இருபத்தொன்று. இன்ஜினியர் எல்லாருக்கும் கேட்கும்படி எண்ணை வாசித்து, ஏ.சி. போட்ட மாடி என்றார். கூட்டம் முணுமுணுத்தது. ஒவ்வொருவருக்கும் கால் சுடுகிறது, ஆனால் திரையில் நீலம் தெரிகிறது. தன் உடம்பையே சந்தேகப்படுகிற முகங்களை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்போது அக்கா கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார்.

"இருபத்தொண்ணுதானே சார்? செருப்பைக் கழட்டிட்டு ஒரு நிமிஷம் நில்லுங்க."

"என்னம்மா இது, இது முறையா?"

"சில்லுன்னு இருக்கும் சார். நில்லுங்க."

"நில்லுங்க சார்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பிறகு இன்னொன்று. இன்ஜினியர் தன் செருப்பைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். கழற்றவில்லை. தையல்காரம்மா அவருக்கு நேர் எதிரே வந்து நின்றுகொண்டார்.  ஒரு நிமிஷம் ஆகும்வரை அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா டேப்பைக் கிழித்து விரிப்பில் ஒட்டினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆறு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை: "காட்டு."

"ஆஃப் பண்ணுடா!" என்றார் மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் அணைக்கவில்லை. காட்டினேன். டேப் வெள்ளையாக எரிந்தது. திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, என்னால் முடிந்த அளவுக்குக் கத்தி வாசித்தேன். "அறுபத்தெட்டு!"

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். ஒருவர் டேப்பை வாங்கித் தானே ஒட்டிப் பார்த்தார். இன்ஜினியர் படிக்கட்டைத் தேடிப் போனார். "ஏ.சி. மாடிய விட்டுட்டு எங்க சார் இறங்குறீங்க?" என்று யாரோ கேட்க, அந்தக் கோபத்திலும் கூட்டம் சிரித்தது. தையல்காரம்மா சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கவில்லை.

நீக்கிய ஏழு பக்கமும் என் கம்ப்யூட்டரில் இருந்தன. அன்று மாலையே பதினோரு பக்கத்தையும் அச்செடுத்து, பதினாலு கட்டடத்திலும் ஐந்தாம் மாடியில் எத்தனை கதவு உண்டோ அத்தனை கதவிலும் செருகினேன். அந்த வாரமே அக்காவுக்கும் எனக்கும் சேர்த்து வேலை போனது. நான் செய்தது பிராயச்சித்தம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். எட்டு வாரம் முன்னால் செய்திருந்தால் அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கும்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஐந்து கட்டடங்களில் விரிப்பைப் பிய்த்து எறிந்து, பழுதுபார்த்து, வெள்ளைப் பூச்சு அடித்தார்கள். மேல்மாடிக் கூரை முப்பத்தாறுக்கு இறங்கியது. மீதிக் கட்டடங்கள் பரிசீலனையில் இருக்கின்றன. வாட்ச்மேனின் இறப்புச் சான்றிதழில் இன்னும் இதயம் நின்றது என்றுதான் இருக்கிறது. எல்லார் இதயமும் கடைசியில் நிற்கத்தான் செய்யும். இன்ஜினியர் பதவி உயர்வு பெற்று, பெரிய அறைக்குப் போய்விட்டார். அந்த அறையில் ஏ.சி. இருக்கிறது.

அக்கா இப்போது ஒரு குளிர்பதனக் கிடங்கில் கதவு இடுக்குகளைச் சோதிக்கிறார். திரையில் கீறல் விழுந்த பழைய கேமரா ஒன்றை யாரிடமிருந்தோ வாங்கி வைத்திருக்கிறார். விடுமுறை நாளில் அதைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிகளுக்குப் போகிறார். எந்த அலுவலகத்துக்கும் ரிப்போர்ட் எழுதுவதில்லை. அளந்ததும் அந்த வீட்டில் இருப்பவரிடம் முதலில் சொல்கிறார். எத்தனை டிகிரி, எந்த மணிக்குக் கூடும், யாரை எங்கே படுக்கவைக்கக் கூடாது என்று. கரியால் கூரை மூலையில் எண்ணையும் எழுதிவிட்டு வருகிறார்.

தெரியாதவர்களுக்குக் கதவு திறக்க மாட்டார்கள் என்பதால், தையல்காரம்மா கூடப் போகிறார். அவர்தான் தட்டுவார். ஒருநாள் நானும் போயிருந்தேன். ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, தையல்காரம்மா அக்காவைப் பார்க்காமலே சொன்னார்.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. கதவு தட்டத்தான் வர்றேன்."

"நினைக்கல," என்றார் அக்கா.

தையல்காரம்மா கதவைத் தட்டினார். கைக்குழந்தையோடு ஒரு பெண் திறந்தாள். அக்கா உள்ளே போய்க் கேமராவை மேலே காட்டினார்.

"நாப்பத்தஞ்சும்மா. பிள்ளையை இங்க படுக்கப் போடாதே."

இன்னும் ஒன்பது கட்டடம் அப்படியே இருக்கிறது.